எளிய கமெராவும் விரையும் காட்சியும்

மலைநாட்டை நேரிற் காணாதவரும் அதனைப் படத்திற் கண்டிருப்பர். தேயிலைப் பொதிகளிலும் நாட்காட்டிகளிலும் பயணிகளுக்கான விளம்பரங்களிலும் ஒரே காட்சி மீண்டும் மீண்டும் இடம்பெறுகின்றது. பச்சைச் செடிகளின் நடுவே ஒரு பெண் நிற்கின்றாள். முதுகிற் கூடையும் கையிற் கொழுந்தும் முகத்திற் புன்னகையும் உள. ஆயின் கொழுந்து பறிப்பவள் அவ்வாறு நிற்பதில்லை. அவள் விரல்கள் செடியின் மேற்பரப்பில் இடையறாது விரைகின்றன. கை நிறைந்ததும் கொழுந்து தோளுக்கு மேலாகப் பின்னே செல்கின்றது. மறுகணம் கை மீண்டும் செடியில் இருக்கின்றது. அவ்விரைவே அவளது தொழில். படம் அவளை நிறுத்தியபோது தொழிலையும் நிறுத்திவிட்டது.

இதற்குக் காரணம் படமெடுத்தோரின் மனப்பாங்கு மட்டுமன்று. கருவியின் இயல்பும் ஒரு காரணமாகும். விரைந்து செல்வதைத் தெளிவாகப் பதிப்பது நெடுங்காலம் கமெராவுக்கு அரிய செயலாயிருந்தது. இன்றும் விலையுயர்ந்த கருவியுடையோர்க்கே அது கைகூடும் என்னும் எண்ணம் பலரிடம் உண்டு. அவ்வெண்ணம் முழுமையும் சரியன்று. அசையும் பொருளின் இயல்பை அறிந்தவன் எளிய கருவி கொண்டும் அதனைப் பதிக்கலாம். அதற்கான வழிகளை, ஹற்றனிலும் நுவரெலியாவிலும் நாளும் காணப்படும் காட்சிகளைக் கொண்டே விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அசையாதிருந்த காலம்

பொகவந்தலாவையிலுள்ள தூய மரியாள் தேவாலய வளவில் ஜூலியா மாகிறற் கமரன் அம்மையாரின் கல்லறை உள்ளது. 1815 இல் கல்கத்தாவிற் பிறந்த இவர், தமது நாற்பத்தெட்டாம் வயதில் முதன்முதலாகக் கமெராவைக் கையிலெடுத்து, இங்கிலாந்தின் புகழ்பெற்ற படக்கலைஞருள் ஒருவரானார். 1875 இற் கணவருடன் இலங்கைக்கு வந்து குடியேறி, 1879 இல் டிக்கோயாப் பகுதியிற் காலமானார். இங்கிருந்த காலத்தில் இந்நாட்டு மக்களையும் அவர் படமெடுத்தார்.

அவர் கையாண்டது ஈரத் தகட்டு முறை. கண்ணாடித் தகட்டில் மருந்தைப் பூசி, அது உலருமுன் கமெராவில் வைத்து ஒளிபடச் செய்து, உடனே கழுவுதல் வேண்டும். அத்தகட்டின் ஒளியுணர்வு மிகக் குறைவு. ஆதலின் எதிரே இருப்பவர் பல செக்கன்கள், சிலவேளை நிமிடக்கணக்கிலும், அசையாதிருத்தல் வேண்டும். தலை சிறிது திரும்பினும் உருவம் கலங்கும். தொழிலாளரைப் படமெடுப்பதென்றால், வேலையை நிறுத்தி வரிசையாக நிற்கச் செய்து எடுப்பதே அக்காலத்து வழக்கமாயிற்று. நிறுத்தி எடுக்கும் பழக்கம் அக்கருவியின் தேவையாற் பிறந்தது. கருவி மாறிய பின்னும் பழக்கம் மாறவில்லை.

கமரன் அம்மையார் இலங்கையில் வாழ்ந்த அதே காலத்தில், 1878 இல், கலிபோர்னியாவில் ஈட்வேட் மைபிரிட்ஜ் என்பவர் வேறொரு சோதனையை நிகழ்த்தினார். ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் நிலத்தை விட்டு எழுமா என்பதே வினா. லீலண்ட் ஸ்ரான்போட் என்னும் செல்வரின் உதவியுடன், ஓடுபாதை ஓரமாகப் பன்னிரண்டு கமெராக்களை வரிசையாக வைத்து, குதிரை கடக்கும்போது அறுபடும் நூல்களால் ஒவ்வொன்றையும் இயக்கினார். பின்னணியில் வெண்மையான திரை அமைக்கப்பட்டது. கால்கள் நான்கும் எழுவது உண்மையே. ஆனால், ஓவியர் வரைந்து வந்ததுபோல் முன்னும் பின்னும் நீண்டிருக்கும்போதன்று, வயிற்றின் கீழ் ஒன்றுகூடும்போதே எழுகின்றன என்பது தெளிவாயிற்று. அவரும் ஈரத் தகட்டையே பயன்படுத்தினார் என்பது கருதத்தக்கது. குதிரை எங்கே வரும், எப்போது வரும், எந்த ஒளியில் வரும் என்பவற்றை முன்னரே வரையறுத்துக் கொண்டதே அவருக்குக் கைகொடுத்தது.

1900 ஆம் ஆண்டில் ஈஸ்ற்மன் கொடக் நிறுவனத்தார் 'பிரௌனி' என்னும் பெட்டிக் கமெராவை ஒரு டொலர் விலைக்கு வெளியிட்டனர். படமெடுத்தல் பொதுமக்கள் கைக்கு வந்தது அதனாலேயே. அதில் வில்லை ஒன்று, வேகம் ஒன்று. ஒளியை உள்ளே விட்டு மறைக்கும் 'ஷட்டர்' என்னும் கதவு ஏறத்தாழ 1/50 செக்கன் திறந்திருக்கும். அதனைக் கூட்டவோ குறைக்கவோ இயலாது. இவ்வகைக் கமெராவை அளவுகோலாகக் கொண்டே மேல்வரும் கணக்குகள் கூறப்படுகின்றன. அதற்கு இயல்வது மற்றெதற்கும் இயலும்.

கலக்கத்தின் கணக்கு

ஷட்டர் திறந்திருக்கும் நேரத்திற் பொருள் சிறிது நகர்கின்றது. அந்நகர்ச்சி படச்சுருளில் ஒரு கோடாக நீள்கின்றது. இதுவே கலக்கம். அதன் அளவைப் பொருளின் வேகம், ஷட்டரின் நேரம், வில்லையின் குவியத் தூரம், பொருள் நிற்கும் தூரம் ஆகிய நான்கும் நிர்ணயிக்கின்றன. முதல் மூன்றையும் பெருக்கித் தூரத்தால் வகுத்தாற் கலக்கத்தின் அளவு கிடைக்கும்.

பாடசாலை விளையாட்டுப் போட்டியில் ஒரு மாணவன் செக்கனுக்கு 6 மீற்றர் வேகத்தில் ஓடுகின்றான் எனக் கொள்வோம். 10 மீற்றர் தூரத்தில் அவன் கமெராவுக்குக் குறுக்கே செல்கின்றான். வில்லையின் குவியத் தூரம் 100 மில்லிமீற்றர். 1/50 செக்கனில் அவன் 12 சதமமீற்றர் நகர்வான். படத்தில் அந்நகர்ச்சி 1.2 மில்லிமீற்றராகும். அவனது உருவம் முழுவதுமே 17 மில்லிமீற்றர் உயரந்தான். ஆகவே முகம் அடையாளங் காணாதவாறு அழியும்.

இனி, பறிப்பவளின் கையை நோக்குவோம். அது செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகத்திலேயே செல்கின்றது எனக் கொள்வோம். ஓட்டக்காரனின் வேகத்தில் அது ஆறில் ஒரு பங்கு. ஆனால் கையைக் காட்ட வேண்டுமாயின் 2 மீற்றர் அளவுக்கு நெருங்குதல் வேண்டும். அப்போது கலக்கம் 1 மில்லிமீற்றர். அதாவது, நெருங்கி நோக்கின், கொழுந்து பறிக்கும் கையைப் படமெடுத்தல் ஓட்டப் பந்தயத்தைப் படமெடுத்தலுக்கு ஏறக்குறைய நிகரான செயலாகும். தேயிலை மலையில் 'அமைதியான காட்சி' என்று பிறர் காண்பது உண்மையில் விரைவான காட்சியே என்பதை இக்கணக்குக் காட்டுகின்றது.

கணக்கைக் கண்டு தளர வேண்டியதில்லை. ஷட்டரின் நேரத்தை மாற்ற இயலாவிடினும் ஏனையவை படமெடுப்போனின் கையில் உள்ளன. அவற்றை ஆளும் வழிகள் நான்கு.

முதல் வழி: திசையும் தூரமும்

முதலாவதாக, எங்கே நிற்பது என்பதைத் தெரிவு செய்தல். மேற்கூறிய மாணவனை இறுதிக் கோட்டுக்கு அப்பால் நின்று, அவன் நேரே எதிர்கொண்டு வரும்போது எடுத்தால், அவன் உருவம் குறுக்கே நகராது. சிறிது பெரிதாகும், அவ்வளவே. அவன் 10 மீற்றர் தூரத்தில் இருக்கையில், 1/50 செக்கனில் அவ்வளர்ச்சி உருவம் முழுவதற்கும் 0.2 மில்லிமீற்றர் அளவினது. நடுவிலிருந்து தலைப்பக்கமும் காற்பக்கமும் பிரித்து நோக்கின், பக்கத்திற்கு 0.1 மில்லிமீற்றரே. கலக்கம் பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. கைகால்களின் வீச்சு மட்டும் சிறிது கலங்கும். சாய்வாக, 45 பாகைக் கோணத்தில் வருவானாயின் கலக்கம் குறுக்கே செல்வதில் பத்தில் ஏழு பங்காகும்.

தூரத்தின் பயனைப் புகையிரதப் பாதையிற் காணலாம். ஹற்றனுக்கும் கொட்டகலைக்கும் இடையிலுள்ள சிங்கமலைச் சுரங்கத்தை அடுத்துச் செல்லும் வண்டி, ஏற்றமும் வளைவும் மிகுந்த பாதையில் மெல்லவே செல்லும். மணிக்கு 20 கிலோமீற்றர் எனக் கொண்டால், 15 மீற்றர் தூரத்தில் நின்று எடுப்பவனுக்குக் கலக்கம் 0.75 மில்லிமீற்றர், எதிர்மலைச் சரிவில் 60 மீற்றர் தூரத்தில் நிற்பவனுக்கு 0.2 மில்லிமீற்றருக்குங் குறைவு. வண்டி சிறிதாகத் தோன்றினும், வளைவும் மலையும் சேர்ந்து அது எங்கே ஏறுகின்றது என்பதைப் படம் சொல்லும்.

இரண்டாம் வழி: திரும்பும் கணம்

எவ்வசைவும் ஒரே வேகத்தில் நிகழ்வதில்லை. ஊஞ்சல் உச்சியில் ஒரு கணம் நின்றே திரும்புகின்றது. மேலே எறிந்த பந்து, கீழே விழத் தொடங்குமுன் உச்சியில் வேகமற்றிருக்கின்றது. எளிய கமெராவுக்கு இயற்கை அளிக்கும் உதவி இதுவே.

தோட்டத்து இளைஞர் விரும்பி ஆடும் கரப்பந்தாட்டத்தை எடுத்துக்கொள்வோம். வலைக்கருகே ஒருவன் அரை மீற்றர் உயரம் பாய்கின்றான். நிலத்தை விட்டு எழும் கணத்தில் அவன் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 3.1 மீற்றர், 1/50 செக்கனில் 6 சதமமீற்றருக்கு மேல் உயர்வான். உச்சியிலோ, அதே 1/50 செக்கனில் அவன் உடல் மேல்கீழாக நகர்வது அரை மில்லிமீற்றரே. நூறு மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு! உச்சியை 1/20 செக்கன் தவறவிட்டாலும் நகர்ச்சி ஒரு சதமமீற்றரளவே ஆகும். பந்தை அடிக்கும் கை மட்டும் கலங்கித் தோன்றும். அக்கலக்கம் குறையன்று, உடல் தெளிந்து கை மங்கிய படமே அடியின் விசையைக் காட்டும்.

கொழுந்து பறிப்பதிலும் இத்தகைய கணங்கள் உள. கை செடியை விட்டு எழுந்து தோளுக்கு மேலே சென்று, கொழுந்தை விடுத்து, முன்னே திரும்புகின்றது. திரும்பும் இடத்தில் அது நின்றேயாக வேண்டும். ஒரு நிரையின் ஓரத்திற் சற்று நேரம் நின்று நோக்கினால், எத்தனை பறிப்புக்கு ஒருமுறை கை பின்னே செல்கின்றது என்பதும், அதற்கு முன் தோள் எவ்வாறு சாய்கின்றது என்பதும் புலப்படும். கமெராவை எடுக்குமுன் கண்ணாற் பயிலுதல் வேண்டும் என்பது இதனாலேயே.

மூன்றாம் வழி: முன்னே சென்று காத்திருத்தல்

கண்ட காட்சிக்குக் கை இயங்குவதற்கு ஏறத்தாழ 1/5 செக்கன் செல்லும். அதற்குள் ஓடும் மாணவன் 1.2 மீற்றர் கடந்துவிடுவான். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் விரையும் பந்தயக் குதிரை, தன் உடல் நீளத்திற்கும் மேலாக, மூன்று மீற்றருக்கு அதிகமாகச் சென்றுவிடும். ஆகவே காட்சியைக் கண்டபின் பொத்தானை அழுத்துபவன் எப்போதும் காட்சி முடிந்த பின்னரே படமெடுக்கின்றான்.

இதற்கு மாற்று, இடத்தை முன்னரே தெரிவு செய்தல். நுவரெலியாவில் ஏப்ரல் பருவத்தில் நடைபெறும் மகாகஸ்தொட்ட மோட்டார் மலையேற்றப் போட்டியில், வண்டிகள் கொண்டையூசி வளைவுகளில் வேகந் தணிந்தே திரும்ப வேண்டும். அத்தகைய இடத்திற்கு எதிரே பாதுகாப்பான தூரத்தில் நின்று, சாலையிலுள்ள ஒரு கல்லையோ கோட்டையோ குறித்துக்கொண்டு, குவியத்தை அதற்கே அமைத்துவிடல் வேண்டும். வண்டி அக்குறியை அடைவதற்குச் சற்று முன்னரே பொத்தானை அழுத்த வேண்டும். எவ்வளவு முன்னர் என்பதை முதலில் வரும் இரண்டு மூன்று வண்டிகளிற் படமெடுக்காமலே பழகிக் கொள்ளலாம். படச்சுருளும் மிஞ்சும், கையும் பயிலும்.

நான்காம் வழி: காட்சியோடு திரும்புதல்

குதிரைப் பந்தயத்தில் இம்மூன்று வழிகளும் போதா. பார்வையாளர் நிற்குமிடத்திற்குக் குறுக்கே குதிரைகள் செல்கின்றன. 20 மீற்றர் தூரத்திற் கூட 1/50 செக்கனில் கலக்கம் 1.7 மில்லிமீற்றரை எட்டும். அந்நிலையிற் கமெராவையே குதிரையோடு சேர்த்துத் திருப்புதல் வேண்டும். கால்களை ஊன்றி, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, குதிரை கடந்து செல்லும் இடத்தை நோக்கிப் பாதங்களை வைத்து, அது வரும் திசைக்கு இடுப்பைத் திருப்பி நிற்க வேண்டும். குதிரையைக் காட்சிச் சட்டத்தில் நிறுத்தியவாறே உடலைத் திருப்பி வந்து, நேரே வரும்போது அழுத்தி, அழுத்திய பின்னும் திரும்புதலை நிறுத்தாதிருத்தல் வேண்டும். இவ்வுதாரணத்தில் உடல் செக்கனுக்கு ஏறத்தாழ 48 பாகை திரும்பும்; இது மனிதர்க்கு இயலாத வேகமன்று.

இவ்வாறு எடுத்த படத்தில் குதிரையும் அதன்மேல் இருப்பவனும் தெளிவாகவும், வேலியும் மக்களும் கிடையான கோடுகளாகவும் அமைவர். நின்று எடுத்த படத்தில் எது கலங்குமோ அது இங்கே தெளிகின்றது. எது தெளியுமோ அது கலங்குகின்றது. இம்முறைக்கு மெதுவான ஷட்டரே ஏற்றது என்பது எளிய கமெரா உடையோர்க்கு மகிழ்ச்சியளிப்பதாகும்.

ஒளியும் மூடுபனியும்

ஷட்டரின் வேகத்தை மாற்றக்கூடிய கருவியுடையோரும் மலைநாட்டில் ஒளியைக் கருதியே அதனைத் தெரிவு செய்ய வேண்டும். 100 என்னும் வேகக் குறியுடைய படச்சுருளுக்குத் தெளிந்த வெயிலில் எப்/8 துவாரத்துடன் 1/400 செக்கன் போதும். மூடுபனி இறங்கி ஒளி எட்டில் ஒரு பங்காகக் குறையும்போது அதே துவாரத்திற்கு 1/50 செக்கன் தேவைப்படும். காலையில் விரைந்த ஓட்டத்தையும் பிடித்த கமெரா, பிற்பகலில் நடையையும் பிடிக்காது போவது இதனாலேயே. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஹற்றன், டிக்கோயா, மஸ்கெலியா ஆகிய மேற்குச் சரிவுகளில் இக்குறை மிகுதி. விளையாட்டுப் போட்டியைப் படமெடுக்க விரும்புவோர் முற்பகல் நிகழ்ச்சிகளைத் தவறவிடலாகாது.

மூடுபனிக்கும் ஒரு பயன் உண்டு. மைபிரிட்ஜ் விலைகொடுத்து அமைத்த வெண்திரையை அது விலையின்றி விரிக்கின்றது. பனியின் முன்னே நிற்கும் உருவம் கருநிழலாகத் தெளிந்து தோன்றும்.

கைத்தொலைபேசி

இன்று பெட்டிக் கமெராவின் இடத்தைக் கைத்தொலைபேசி பெற்றுள்ளது. லயத்து வீடுகளிலும் அது உண்டு. நல்ல ஒளியில் அதன் திறப்பு நேரம் பிரௌனியினதை விட மிகக் குறுகியது. ஒளி குறைந்தால் அதுவும் தானே நீண்டுவிடும். ஆகவே மேற்கூறிய நான்கு வழிகளும் அதற்கும் பொருந்தும். தொடர்ச்சியாகப் பல படங்களை எடுக்கும் வசதியும் அதில் உண்டு. எனினும் செக்கனுக்குப் பத்துப் படம் எடுத்தாலும், ஒரு படத்திற்கும் அடுத்ததற்கும் இடையிற் குதிரை ஒன்றரை மீற்றருக்கு மேல் சென்றுவிடும். தேடிய கணம் அவ்விடைவெளியில் மறைந்து போகலாம்.

இன்னொரு விந்தையும் அதில் உண்டு. பெரும்பாலான கைத்தொலைபேசிகள் காட்சி முழுவதையும் ஒரே நேரத்திற் பதிப்பதில்லை. வரி வரியாகப் பதிக்கின்றன. ஓடும் புகையிரதத்தின் யன்னலூடாக எடுத்த படங்களில் அருகிலுள்ள கம்பங்கள் சாய்ந்து தோன்றுவது அதனாலேயே. இது புதிதன்று. முதலாம் உலகப் போருக்குச் சற்று முன்னர், பிரான்சில் ஷாக் ஆன்ரி லார்த்தீக் என்னும் இளைஞர் எடுத்த மோட்டார்ப் பந்தயப் படத்தில், வண்டியின் சக்கரம் முட்டை வடிவில் முன்னோக்கிச் சாய, பார்வையாளர் பின்னோக்கிச் சாய்ந்து காண்கின்றனர். அவரது கமெராவின் ஷட்டர் ஓர் இடுக்காகப் படத்தின் குறுக்கே நகர்ந்ததும், அவர் கமெராவைத் திருப்பிய வேகம் வண்டியின் வேகத்திற்குச் சற்றுக் குறைந்ததுமே காரணம். அன்று பிழையெனத் தோன்றக்கூடிய அப்படம் இன்று விரைவின் அடையாளமாகப் போற்றப்படுகின்றது.

யாருக்கு எளிது?

மேற்கூறிய வழிகள் அனைத்திலும் ஒன்று பொதுவாயுள்ளது. அசைவு எங்கே தொடங்கும், எங்கே திரும்பும், எப்போது ஓயும் என்பதை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். அவ்வறிவை எக்கடையிலும் வாங்க இயலாது. அக்காட்சியோடு வாழ்ந்தவரிடமே அது உண்டு.

மாசி மாதத்திலே தோட்டங்களில் ஆடப்பெறும் காமன் கூத்தை எண்ணிப் பார்க்கலாம். இரவின் மின்விளக்கொளியில் எளிய கமெராவுக்கு நீண்ட திறப்பு நேரம் வேண்டும், ஆட்டமோ விரைவானது. வெளியூரிலிருந்து வந்தவன் நூறு படம் எடுத்து நூற்றையும் இழப்பான். தப்பின் ஓசையைச் சிறுவயது முதற் கேட்டவனோ, எந்த அடியோடு கால் ஊன்றும், எந்த இடத்தில் ஆட்டக்காரன் ஒரு கணம் நிலைப்பான் என்பதைக் காதாலேயே அறிவான். கமெராவைத் தூணோடு சாய்த்துப் பிடித்து அக்கணத்திற்குக் காத்திருப்பானாயின், ரதியும் காமனும் அவன் படத்தில் தெளிவாக நிற்பர். பின்னே தப்படிக்கும் கைகள் மட்டும் மங்கும்.

கொழுந்து மலைக்கும் இது பொருந்தும். நாளுக்குரிய நிறையைப் பறித்தாலே முழுச் சம்பளம் பெறுபவளைப் படத்துக்காக நிறுத்துவது அவள் கொழுந்தைக் குறைப்பதாகும். அவளை நிறுத்தாமல், அவள் இசைவோடு, அவள் வேலையின் போக்கிலேயே படமெடுக்கக் கற்பது கலைக்கு மட்டுமன்றி நீதிக்கும் உரியதாகும். அவள் கையின் பழக்கத்தை அவள் மகனும் மகளும் அறிவர். எந்தப் புகழ்பெற்ற படக்கலைஞரினும் அக்கை திரும்பும் கணத்தை அவர்களே நன்கு அறிவர்.

மலைநாட்டுத் தமிழரின் பழைய படங்கள் பெரும்பாலும் நின்ற படங்களே. துரைமார் காலத்து வரிசைப் படங்களும், 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் வழி இந்தியா சென்றோரின் கடவுச்சீட்டுகளில் ஒட்டப்பெற்ற முகங்களும் அவ்வகையின. அவற்றிற் பெயரும் தோற்றமும் உண்டு. உழைப்பும் ஆட்டமும் இல்லை. ஓடியவர், பறித்தவர், ஆடியவர் ஆகியோரின் அசைவைப் பதிக்கும் பணி இன்னும் எஞ்சியிருக்கின்றது. அதற்கு வேண்டிய கருவி இன்று மாணவர் பலரின் கைக்கு எட்டும் நிலையில் உள்ளது. அதனினும் அரிதான அறிவு அவர்தம் கண்ணிலும் காதிலும் முன்னரே உள்ளது. விடுமுறைக்கு வீடு செல்லும் மாணவர், தாய் கொழுந்து பறிக்கும் நிரையின் ஓரத்தில், கமெராவை எடுக்காமற் சிறிது நேரம் நின்று நோக்குவாராயின், அதுவே இக்கலையின் முதற் பாடமாகும்.